மேகக் கணிமைக் கட்டமைப்புக்குக் கண்காணிப்பும் எச்சரிக்கையும் அமைக்கும் முறை

பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்து வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு வார இறுதிகளில் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு கருவியை நிறுவி, அது காட்டும் அளவீடுகளில் கண்ணில் பட்டவற்றுக்கெல்லாம் 80 விழுக்காடு என்று ஒரு வரம்பை வைத்துவிடுகிறார்கள். இரண்டே வாரத்தில், ஓயாமல் ஒலிக்கும் கைப்பேசியின் சத்தத்தை அணைத்தும் விடுகிறார்கள். ஒவ்வோர் எச்சரிக்கையும் ஒரு மனிதரின் உறக்கத்தைக் கலைக்கும் அதிகாரம் பெற்றது. அந்த அதிகாரத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவுசெய்த பிறகே கருவியைத் தொடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் ஒரு தாள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு புடவைக் கடை இணையம் வழியாகவும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வாடிக்கையாளர் மூன்று காரியங்களுக்காக அந்தத் தளத்துக்கு வருகிறார்: புடவையைத் தேடிப் பார்க்கிறார், கூடையில் சேர்க்கிறார், பேநவ் என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாகவோ அட்டை வழியாகவோ பணம் செலுத்துகிறார். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எவ்வளவு நேரத்துக்குள் முடியவேண்டும், ஆயிரம் முறையில் எத்தனை முறை தவறினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று குறியுங்கள். கடைக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது, ஏனெனில் தேடல் சற்று மெதுவாக இருப்பதை அவர் பொருட்படுத்தாமல் இருக்கலாம். பணம் பிடிக்கப்பட்டுக் கொள்முதல் ஆணை (ஆர்டர்) பதிவாகாமல் போவதை ஒருமுறைகூட அவர் ஏற்கமாட்டார். அந்த வேறுபாடு எந்தக் கருவிக்கும் தெரியாது.

இலக்கு 99.9 விழுக்காடு என்றால், 30 நாள்களில் மொத்தம் 43 நிமிடம் 12 விநாடி மட்டுமே தளம் முடங்கியிருக்கலாம். 99.99 என்று எழுதினால் அது 4 நிமிடம் 19 விநாடியாகச் சுருங்கிவிடும். அவ்வளவு நேரத்துக்குள் உறங்குபவர் எழுந்து மடிக்கணினியைத் திறக்கவே முடியாது. ஆகவே ஒரு சிறிய குழு இரண்டாவது இலக்கை ஏற்கும்முன் நன்கு யோசிக்கவேண்டும்.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தாளின் ஒரு பகுதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் நிர்வாக அறிவிப்பின்படி, முக்கியமான கட்டமைப்பு ஒவ்வொன்றும் எந்தவொரு 12 மாத காலத்திலும் திட்டமிடாமல் முடங்கும் மொத்த நேரம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கடுமையான சம்பவம் கண்டறியப்பட்ட 1 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். புடவைக் கடைக்கு இந்த விதி பொருந்தாது. ஆனாலும் தெரியவருவதற்கு எடுக்கும் நேரமும் பழுதின் ஒரு பகுதியே என்பதை அதிலிருந்து எல்லாரும் கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சிக் களம்

கற்பதற்கு இரண்டு சிறிய மெய்நிகர் சேவையகங்கள், அதாவது மேக நிறுவனத்திடம் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகள், போதும். ஒன்றில் ஒரு சாதாரண இணையத்தளமும் தரவுத்தளமும் ஓடட்டும். மற்றொன்றில் கண்காணிப்புக் கருவிகள் இருக்கட்டும். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் வைக்காதீர்கள். அந்த இயந்திரம் விழுந்தால் விழுந்ததைச் சொல்லும் வாயும் அதனுடன் சேர்ந்து அடைபட்டுவிடும்.

எதையும் இயக்கும்முன் முதல் எச்சரிக்கையைக் கட்டணத்துக்கு வையுங்கள். மாதச் செலவு நீங்கள் நினைத்த தொகையைத் தாண்டும்போது மின்னஞ்சல் வரட்டும். அமேசானின் மேகச் சேவையில் கட்டண அளவீடுகள், கிளவுட்வாட்ச் என்ற அதன் கண்காணிப்புக் கருவியின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் (அமெரிக்காவில் உள்ள தரவு மையத் தொகுதியில்) மட்டுமே சேமிக்கப்படுகின்றன. சிங்கப்பூர் வட்டாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடும் புதியவர்கள் அது கிடைக்காமல் திண்டாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மேக நிறுவனம் தானாகத் தரும் அளவீடுகளைப் பாருங்கள். கிளவுட்வாட்ச் ஒரு சேவையகத்தை வெளியிலிருந்து பார்ப்பதால், செயலியின் (சிபியு) பயன்பாடும் வலையமைப்புப் போக்குவரத்தும் அதற்குத் தெரியும். நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பவை தெரியா. அவற்றைப் பெற இயந்திரத்துக்குள்ளேயே ஒரு முகவர் நிரலை நிறுவவேண்டும். அடிப்படைக் கண்காணிப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தரவு வரும். 1 நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் உண்டு.

இந்த வேறுபாட்டை நான் கற்றது ஒரு கெட்ட இரவில். நான் பொறுப்பேற்றிருந்த ஓர் ஆணைத் தளத்தில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகள் பெருகி வட்டு முழுவதும் நிரம்பியதால் தரவுத்தளம் எழுத முடியாமல் நின்றுவிட்டது. என் திரையில் இருந்ததோ செயலியின் வரைபடம் மட்டும். அது 60 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கியதைக் கண்டு நெரிசல் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் எங்கள் மூத்த பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இயந்திரம் ஓய்வாக இருந்தால் வேலை முடிந்ததா, வேலையே வரவில்லையா என்று முதலில் கேள்.” அன்றிலிருந்து எந்த இயந்திர அளவீட்டையும் வாடிக்கையாளர் பக்கத்து அளவீட்டோடு சேர்த்துப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

எதை அளப்பது

திறந்த மூலக் கருவிகளில் பிராமிதியஸைக் கொண்டு கற்கும்படி பரிந்துரைக்கிறேன். 2012ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய இக்கருவி, இன்று எந்த மேக நிறுவனத்தின் சேவையகத்தையும் ஒரே முறையில் அளக்க உதவுகிறது. இதில் கற்றுக்கொண்ட சிந்தனை பிற கருவிகளுக்கும் செல்லும். அளக்கப்படும் இயந்திரங்களிடம் பிராமிதியஸே குறித்த இடைவெளியில் சென்று எண்களைக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வோர் இயந்திரத்திலும் நோடு எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலை நிறுவினால், அது 9100 என்ற இணைப்புத் துறையில் (போர்ட்) நினைவகம், வட்டு, செயலி ஆகியவற்றின் எண்களை வைத்துக் காத்திருக்கும். அந்தத் துறையை உலகத்துக்கே திறந்துவிடாமல், கண்காணிப்புச் சேவையகத்தின் முகவரிக்கு மட்டும் பாதுகாப்பு விதியில் அனுமதி கொடுங்கள். கேட்கப்போன இடத்தில் பதில் கிடைக்காவிட்டால் அந்த இயந்திரத்துக்கு எதிரே 1 இருந்த இடத்தில் 0 பதிவாகும். இந்த ஒரு எண்ணே உங்கள் முதல் உண்மையான அளவீடு.

இயந்திரத்தை அளந்த பிறகு சேவையை அளக்கவேண்டும். கூகுள் பொறியாளர்கள் வகுத்துப் பரவலாக்கிய நான்கு அடையாளங்கள் இதற்குப் போதுமானவை: பதில் வர எடுக்கும் நேரம், வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, அவற்றில் பிழையாக முடிந்தவற்றின் பங்கு, வளங்கள் எந்த அளவுக்கு நிரம்பியிருக்கின்றன என்பது. முதல் மூன்றும் வாடிக்கையாளர் உணர்பவை. நான்காவது, அவர் உணரப்போவதை முன்கூட்டிச் சொல்வது.

பதில் நேரத்தைச் சராசரியாகப் பார்ப்பது பெரும் தவறுக்கு இட்டுச்செல்லும். நூறு பேரில் 95 பேருக்கு 0.2 விநாடியிலும் 5 பேருக்கு 10 விநாடியிலும் பதில் வந்தால், சராசரி 0.69 விநாடி என்றுதான் வரும். அதைப் பார்ப்பவர் எல்லாம் நலம் என்று எண்ணுவார். நூறு பேரையும் வேகப்படி வரிசையாக நிறுத்தி, 99ஆவது ஆளுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டால் 10 விநாடி என்ற உண்மை வெளியே வரும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் புடவை வாங்க வந்து 10 விநாடி காத்திருந்த அந்த ஐவர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அளவீடுகளுக்கு அடையாளச் சீட்டு (லேபிள்) ஒட்டும்போது ஓர் எல்லை வேண்டும். சேவையகத்தின் பெயர், பக்கத்தின் பெயர், பிழை எண் ஆகியவற்றை ஒட்டலாம். வாடிக்கையாளர் எண்ணையோ கைப்பேசி எண்ணையோ ஒட்டினால், ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் தொடர் உருவாகி பிராமிதியஸின் நினைவகம் திணறிவிடும். பதிவுக் கோப்புகளிலும் அடையாள அட்டை எண், முகவரி போன்றவை நுழையாதபடி மறைத்து எழுதப் பழகுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளர் தரவுத்தளத்தோடு நின்றுவிடுவதில்லை. கண்காணிப்புச் சேவையகத்தில் கிடக்கும் பழைய பதிவுகளுக்கும் அது பொருந்தும்.

வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் சோதனையும் ஒன்று வேண்டும். பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் என்ற நிரல் வாடிக்கையாளரைப் போலவே தளத்தின் முகவரியை அழைத்து, பதில் வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது, தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் எந்த நாளில் காலாவதியாகிறது என்பவற்றைச் சொல்லும். இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் முடிவுசெய்திருக்கிறது. கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனி நிலைக்காது. தானியங்கிப் புதுப்பித்தல் தவறியதைச் சொல்லும் எச்சரிக்கை அவசியம்.

எழுப்பும் விதிகள்

எச்சரிக்கைகளை இரண்டே வகையாகப் பிரியுங்கள்: உறங்குபவரை எழுப்புபவை, காலையில் மேசைக்கு வந்தபின் பார்க்கவேண்டியவை. நடுத்தரமான மூன்றாம் வகை ஒன்றை வைத்தால் எல்லாமே அதில் போய்ச் சேர்ந்துவிடும். அதை யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு விதியை முதல் வகையில் சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வாடிக்கையாளர் இப்போதே பாதிக்கப்படுகிறாரா, அல்லது சில மணி நேரத்துக்குள் பாதிக்கப்படுவாரா? எழுந்தவர் செய்வதற்கு ஏதேனும் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே எழுப்பலாம். செயலி 80 விழுக்காட்டில் ஓடுவது முதல் கேள்வியிலேயே தோற்கிறது, ஏனெனில் வாங்கிய இயந்திரம் உழைப்பதில் குற்றம் ஏதுமில்லை.

முதன்மையான விதியைத் தாளில் எழுதிய இலக்கிலிருந்தே பெறலாம். 99.9 விழுக்காடு இலக்கு என்றால் ஆயிரம் கோரிக்கையில் ஒன்று தவறலாம். இது உங்கள் கையிருப்பு. கையிருப்பு எந்த வேகத்தில் கரைகிறது என்பதை எச்சரிக்கையின் அளவாகக் கொள்ளுங்கள். பிழை விகிதம் 1.44 விழுக்காடாக இருந்தால் அது அனுமதித்ததைப் போல் 14.4 மடங்கு, அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் மாதக் கையிருப்பின் 2 விழுக்காடு போய்விடும், 50 மணி நேரத்தில் அத்தனையும் தீரும். கடந்த 1 மணி நேரத்திலும் கடந்த 5 நிமிடத்திலும் இந்த வேகம் தாண்டப்பட்டிருந்தால் எழுப்பு என்று விதி எழுதலாம். நீண்ட காலக்கணக்கு, நொடிநேரத் தடுமாற்றத்துக்காக ஒருவரை எழுப்பாமல் காக்கிறது; குறுகிய காலக்கணக்கு, பழுது சரியானபின்னும் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருக்காமல் பார்த்துக்கொள்கிறது. 3 நாளில் 10 விழுக்காடு என்ற மெதுவான கரைவுக்கு இன்னொரு விதி எழுதி அதை இரண்டாம் வகையில் சேர்த்துவிடுங்கள்.

வட்டுக்கு நிலையான வரம்பைவிட முன்கணிப்பே சிறந்தது. 85 விழுக்காட்டில் பல மாதமாக அசையாமல் நிற்கும் வட்டு யாரையும் எழுப்பத் தேவையில்லை. 40 விழுக்காட்டிலிருந்து வேகமாக ஏறும் வட்டு எழுப்பவேண்டும். கடந்த 6 மணி நேரத்துப் போக்கை நீட்டிப் பார்த்து அடுத்த 4 மணி நேரத்தில் இடம் தீர்ந்துவிடுமா என்று கணிக்கும் வசதி பிராமிதியஸில் உண்டு.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது தரவே வராமல் போகும் நிலையை. பிழைகளை மொத்தக் கோரிக்கையால் வகுத்து விகிதம் காணும் விதி, ஒரு கோரிக்கைகூட வராதபோது எதையும் கணக்கிட முடியாமல் மௌனமாகிவிடும். முகவரிப் பெயர் தவறாகி வாடிக்கையாளர் எவரும் தளத்தை அடைய முடியாத நேரம்தான் அது. ஆகவே அளவீடு காணாமல் போனாலோ கோரிக்கைகளே வராமல் நின்றாலோ ஒலிக்கும் விதி ஒன்றைத் தனியாக எழுதுங்கள். கிளவுட்வாட்சில் என்றால், தரவு வராத நிலையை மீறலாகக் கருதும்படி அமைக்கலாம். ஆணைகளின் எண்ணிக்கைக்கு நேரத்தைப் பொறுத்தே பொருள் உண்டு. விடியற்காலை 3 மணிக்கு ஆணை வராதது இயல்பு. தீபாவளி வாரத்தில் இரவு 8 முதல் 9 வரை ஓர் ஆணைகூட வராதது ஆபத்து.

நேரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மேகச் சேவையகங்கள் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தில் ஓடுகின்றன; சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கூட்டம் இல்லாத நள்ளிரவு என்று எண்ணி 0 மணிக்கு வைத்த காப்புநகல் வேலை இங்கே காலை 8 மணிக்கு, எம்ஆர்டி ரயிலில் நிற்பவர்கள் கைப்பேசியில் பொருள் தேடும் வேளையில், தொடங்கிவிடும். தினமும் காலை 8 மணிக்குத் தளம் மந்தமாகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

செய்தி கைக்கு வந்து சேரும் வழி

விதி ஒலிப்பது ஒன்று, ஆள் கேட்பது வேறு. பிராமிதியஸுடன் இணையும் அலர்ட்மேனேஜர் ஒரே காரணத்தால் எழும் பல எச்சரிக்கைகளைத் தொகுத்து ஒரே செய்தியாக அனுப்புகிறது. தரவுத்தளம் விழுந்ததால் அதை நம்பியிருக்கும் பத்துச் சேவைகள் அலறினால், அந்தப் பத்தையும் அடக்கி வேரை மட்டும் சொல்லும்படி அமைக்கலாம். பராமரிப்புப் பணியின்போது குறித்த நேரத்துக்கு ஒலியை நிறுத்தி வைக்கவும் முடியும். நிறுத்தத்துக்கு முடிவு நேரம் குறிக்கும்போது ஏறக்குறைய சரியாகக் கணக்கிடுங்கள், ஒரு வாரம் என்று தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

குறுந்தகவலை மட்டும் நம்புவது இங்கே குறிப்பாக ஆபத்தானது. மோசடிகளைத் தடுக்கும் பொருட்டு, எண்ணுக்குப் பதில் எழுத்துப் பெயரில் குறுந்தகவல் அனுப்பும் அமைப்புகள் அந்தப் பெயரைப் பதிவுசெய்வது 2023 ஜனவரி 31 முதல் சிங்கப்பூரில் கட்டாயமாயிற்று. பதியாத பெயர்களில் வந்தவை மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு கைப்பேசியில் தோன்றின. வெளிநாட்டு எச்சரிக்கைச் சேவையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதியை எச்சரிக்கை வந்தால் எழவேண்டிய ஸ்டேன்ட்பை பொறுப்பில் இருப்பவர் இயக்கியிருந்தால் தானியங்கி அழைப்பும் வந்து சேராது. கைப்பேசிச் செயலி (ஆப்) வழி அறிவிப்பை முதல் வழியாகவும் தொலைபேசி அழைப்பை இரண்டாம் வழியாகவும் வைத்து, அந்தச் செயலிக்குத் தொந்தரவு செய்யாத நிலையை மீறும் அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். எச்சரிக்கை 10 நிமிடத்துக்குள் ஏற்கப்படாவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும்.

செய்தியில் என்ன இருக்கவேண்டும்? வாடிக்கையாளருக்கு என்ன நேர்கிறது, எப்போதிலிருந்து, எந்த டாஷ்போர்டை (அளவீட்டு வரைபடத் திரையை) திறக்கவேண்டும், முதலில் எதைச் செய்து பார்க்கவேண்டும் என்ற நான்கும் போதும். அந்த முதல் படிகளை எழுப்பப்படுபவர் எந்த மொழியில் வேகமாகப் படிப்பாரோ அந்த மொழியில் எழுதுங்கள். தமிழர் இருவர் மட்டுமே கவனிக்கும் தளத்துக்கு அதைத் தமிழில் எழுதி வைப்பதில் எந்தத் தடையும் இல்லை.

இனி, கண்காணிப்பவரைக் கண்காணிப்பது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியாவில் முடங்கியபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் அந்நிறுவனத்தின் பக்கத்தையே சுமார் 2 மணி நேரம் புதுப்பிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தை நிர்வகிக்கும் கருவியும் எஸ்3ஐச் சார்ந்திருந்தது. நம் ஊரில் 2024 செப்டம்பர் 10 அன்று லோயாங்கில் ஒரு தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றி, அங்கே இயங்கிய மேகச் சேவைகள் தடைபட்டன. கண்காணிப்பும் அதே கட்டடத்தில் இருந்திருந்தால் தளம் நின்றதைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. ஆகவே எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு எச்சரிக்கையை உருவாக்கி, அதைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு நிறுவனத்தின் சேவைக்கு அனுப்புங்கள். அந்த ஒலி நின்றுபோனால் அந்தச் சேவை உங்களை அழைக்கவேண்டும்.

உடைத்துப் பார்த்தல்

சோதிக்காத எச்சரிக்கையை நான் எச்சரிக்கையாகவே எண்ணுவதில்லை. பயிற்சிக் களத்தில் ஒரு கைக்கடிகாரத்தோடு அமர்ந்து, தளத்தை நிறுத்துங்கள். பெரிய வெற்றுக் கோப்பால் வட்டை நிரப்புங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தவறாக மாற்றுங்கள். கண்காணிப்புச் சேவையகத்தையே அணையுங்கள். ஒவ்வொன்றிலும் உடைத்த நொடியிலிருந்து கைப்பேசி ஒலிக்கும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிராமிதியஸின் இயல்பு அமைப்பில் அளவீடு வாங்க 1 நிமிடம், விதியைச் சரிபார்க்க 1 நிமிடம், நிலை நீடிக்கிறதா என்று காத்திருக்க நீங்கள் வைத்த 5 நிமிடம், தொகுப்பதற்கு 30 விநாடி என்று சேர்ந்தால் ஏழரை நிமிடம் போய்விடும். மாதக் கையிருப்பான 43 நிமிடத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல், யாரும் அறியாமலேயே செலவாகிறது. அளவீட்டு இடைவெளியையும் விதிச் சரிபார்ப்பையும் 15 விநாடியாக்கி, காத்திருப்பை 2 நிமிடமாக்கினால் இது சுமார் 3 நிமிடமாகக் குறையும். ஆனால் பொய் எச்சரிக்கைகள் சற்றுக் கூடும். எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் தாள்தான் சொல்லவேண்டும்.

மாதம் ஒருமுறை, ஒலித்த எச்சரிக்கைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுந்தவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். எதுவும் செய்யவில்லை என்ற பதில் இரண்டு முறை வந்த விதியை நீக்குங்கள் அல்லது இரண்டாம் வகைக்கு மாற்றுங்கள். வாடிக்கையாளர் சொல்லித் தெரியவந்த பழுது ஏதேனும் இருந்தால் அதற்கு ஒரு புதிய விதி எழுதுங்கள்.

பண்டிகைக்காலப் பொறுப்பு மாற்றத்தையும் ஒரு சோதனையாகவே நடத்துங்கள். சீனப் புத்தாண்டு இரவில் நாம் ஸ்டேன்ட்பை ஏற்பதும் தீபாவளி இரவில் சீன, மலாய் நண்பர்கள் ஏற்பதும் பல குழுக்களில் வழக்கம். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை அட்டவணையில் பெயரை மாற்றியதும், வேண்டுமென்றே ஒரு சோதனை எச்சரிக்கையை எழுப்புங்கள். அது நண்பரின் கைப்பேசியில் ஒலித்து, அவர் ஏற்றுக்கொண்டதாக அழுத்தி, டாஷ்போர்டு அவருடைய மடிக்கணினியில் திறக்கிறது என்று சொன்ன பிறகு உங்கள் கணினியை மூடலாம்.